பாலாற்றுத் தோப்புகளும் நீலத் தோலும்

வாணியம்பாடி முதல் ராணிப்பேட்டை வரை பாலாற்றின் இரு கரையிலும் தென்னந்தோப்பும் டேனரியும் வேலிக்கு வேலி நிற்கின்றன. இந்த நிலம் கெட்ட கதையைப் பேசத் தொடங்கினால் இரண்டு விளக்கங்கள் சட்டென்று வந்து விழும். தோல் ஷாப்பு என்றாலே நாற்றமும் அழுக்கும்தான், தாத்தா காலத்திலிருந்தே அப்படித்தான் என்பது ஒன்று. முதலாளிகளின் பேராசை என்பது மற்றொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இரண்டும் வரலாற்றை விழுங்கிவிடுகின்றன. ஒன்றரை நூற்றாண்டுத் தொழிலில் குரோமியம் என்ற கன உலோகம் இந்த மண்ணில் பெருமளவில் இறங்கியது கடைசி ஐம்பது ஆண்டுகளில்தான். அப்படி இறங்கக் காரணமாக இருந்தது டெல்லியில் வகுக்கப்பட்டு, அந்தக் காலத்தில் பரவலாகப் பாராட்டப்பட்ட ஓர் ஏற்றுமதிக் கொள்கை. அது தோலுக்குக் கூடும் விலையைக் கணக்கிட்டது, அன்னியச் செலாவணியைக் கணக்கிட்டது, வேலைவாய்ப்பைக் கணக்கிட்டது. தோலில் ஒட்டாமல் மிஞ்சும் உலோகம் எங்கே போகும் என்று மட்டும் கணக்கிடவில்லை. பிறகு வந்த சுத்திகரிப்பு நிலையங்களும் தீர்ப்புகளும்கூட அந்தக் கணக்கைப் பாதியில்தான் விட்டன என்பது என் வாதம்.

முதலில் பழைய தொழில். 1856 ஜூலையில் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கமாக, இன்றைய வாலாஜா ரோடு வரை ஓடியது. அடுத்த சில ஆண்டுகளில் தண்டவாளம் பாலாற்றுப் பள்ளத்தாக்கு வழியாக மேற்கே நீண்டது. தோல் தொழிலுக்கு வேண்டிய எல்லாமே இந்தப் பள்ளத்தாக்கில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன: வறண்ட காடுகளில் ஆவாரம்பட்டை, சுண்ணாம்பு, சுற்றுவட்டாரக் கால்நடை, எல்லாவற்றுக்கும் மேலாக நல்ல தண்ணீர். பாலாறு மணலாறு. ஆண்டில் பல மாதம் மேலே நீர் தெரியாது, மணலுக்குள் ஓடும். அதை ஊற்றுக்கால்வாய் வெட்டி வயலுக்குக் கொண்டுபோனார்கள், கிணறு தோண்டி இறைத்தார்கள். கரையோரக் கிணற்று நீர் உப்பில்லாதது, தோல் ஊறவைக்கத் தோதானது. இங்கே முஸ்லிம் வணிகக் குடும்பங்கள் நடத்திய தொழிற்கூடங்களில் பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் ஏலச் சந்தைக்குப் போனது. 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் மாடுகள் கொத்துக்கொத்தாகச் செத்தபோது தோல் ஏற்றுமதி எகிறியது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்தின் பூட்ஸ் மேல்தோலுக்குச் சென்னை மாகாணத்துத் தோல்தான் பெரும் ஆதாரமாக இருந்தது. அரசே கொள்முதலைக் கையில் எடுத்துக்கொண்டது. ஆவாரம்பட்டை போதாமல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் மரப்பட்டை கப்பலில் வந்தது. குழியில் பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறி, கடுக்காய்ச் சாறு ஏறி வெளிவரும் தோல் அது. சாறு போன பட்டை காய்ந்தால் அடுப்பெரிக்க ஆகும்.

இதைச் சொன்னதும் ஒரு மறுப்பு வரும்: பழைய தொழில் அவ்வளவு சுத்தமா? இல்லை. சுண்ணாம்புக் குழியின் கழிவும், சவ்வும் மயிரும், பட்டைச் சாற்றின் கறுத்த நீரும் கால்வாயில்தான் விடப்பட்டன. தோல் பதனிடுவதை ஊருக்குள் உரிமம் இல்லாமல் செய்யக்கூடாத அருவருப்பான தொழில்களின் வரிசையில் நகராட்சிச் சட்டங்கள் வைத்தது காரணமில்லாமல் அல்ல. கன உலோகமும் உலோகப் போலியும் பழைய தொழிலில் அறவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஆட்டுத்தோலின் மயிர் உதிரச் சுண்ணாம்போடு ஆர்செனிக் சல்பைடு சேர்ப்பது பல நாடுகளில் இருந்த முறை. கல்கத்தாவிலிருந்து போன மூலத்தோலைப் பூச்சி அரிக்காமல் இருக்க ஆர்செனிக் கரைசலில் முக்கி அனுப்பினார்கள். ஆகவே பட்டைத் தோல் காலத்தைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. பட்டைச் சாறும் சவ்வும் மயிரும் மட்கக்கூடியவை. நாறும், கிணற்றைக் கெடுக்கும், ஆனால் மண்ணின் நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்று தீர்க்கும். உலோகத்தைத் தின்று தீர்க்க மண்ணில் எதுவும் இல்லை. விட்ட இடத்தில் அது அடுத்த தலைமுறைக்கும் அப்படியே இருக்கும்.

குரோமியத்தால் தோல் பதனிடும் முறை அமெரிக்காவில் பிறந்தது. 1884இல் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் காப்புரிமை பெற்றார். 1893இல் மார்ட்டின் டென்னிஸ் அதை எளிமைப்படுத்தினார். வாரங்கள் பிடித்த வேலை ஒரு நாளில் முடிந்தது. பிலடெல்பியாவில் மெல்லிய குரோம் ஆட்டுத்தோல் பெருவாரியாக வரத் தொடங்கியதும் சென்னையிலிருந்து அங்கே போன பட்டைத் தோலுக்குச் சந்தை சரிந்தது. இங்கேயும் குரோம் முறை வேண்டும் என்று முதலில் இறங்கியவர் ஆல்பிரட் சாட்டர்டன். 1903 வாக்கில் சென்னை கலைப்பள்ளியில் சோதனை நடத்தினார். நீர் இறைக்கும் கவலைத் தோலைக் குரோமில் பதனிட்டால் விவசாயிக்கு நீண்டநாள் உழைக்கும் என்பது அவர் கண்ட பயன்களில் ஒன்று. உழவருக்கு உதவவென்று வந்த உலோகம் பிற்காலத்தில் உழவரின் கிணற்றுக்கே எதிராகப் போனதை வரலாற்றின் கிண்டல் என்றுதான் சொல்ல வேண்டும். சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரத்தை ஒட்டி நடத்திய குரோம் லெதர் கம்பெனியால்தான் அந்த இடம் குரோம்பேட்டை ஆனது. இருந்தும் பாலாற்றுப் பகுதியில் குரோம் பரவ அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. வாணியம்பாடி வணிகருக்குப் பட்டைத் தோலே லாபகரமாக இருந்தது. லண்டனில் அதற்கென்று பெயரும் விலையும் இருந்தன. 1948இல் அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கிய பிறகும் ஏற்றுமதியின் பெரும்பகுதி மெருகேறாத அரைப்பதன் தோலாகவே போய்க்கொண்டிருந்தது. தொழில்நுட்பம் கையில் இருந்தும் எழுபது ஆண்டு பெரிதாகப் பரவாத ஒன்று திடீரென்று எங்கும் பரவினால், காரணத்தைத் தொழில்நுட்பத்தில் தேடிப் பயனில்லை.

காரணம் 1973இல் இருக்கிறது. முந்தைய ஆண்டு அமைந்த சீதாராமையா குழு எழுப்பிய கேள்வி நியாயமானது: இங்கிருந்து அரைப்பதன் தோலாகப் போவது இத்தாலியிலும் ஜெர்மனியிலும் மெருகேறிச் செருப்பாகவும் மேல்சட்டையாகவும் பல மடங்கு விலைக்கு விற்கிறது; அந்த லாபம் நமக்கு ஏன் வரக்கூடாது? காலனி ஆட்சிக் காலம் முழுக்க மூலப்பொருளை அனுப்பிவிட்டுச் சரக்கை வாங்கிய நாட்டுக்கு அந்தக் கேள்வி இனித்ததில் வியப்பில்லை. மூலத்தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. அரைப்பதன் தோலுக்கு உச்சவரம்பு வந்தது, அதுவும் படிப்படியாக இறுகியது. முழுதாகப் பதனிட்ட தோலுக்கும் தோல்பொருளுக்கும் ஊக்கத்தொகை, இயந்திர இறக்குமதிக்குச் சலுகை. பட்டைத் தோலையும் மெருகேற்றி முழுத்தோலாக விற்கலாமே என்று கேட்கலாம். கொஞ்சம் பேர் விற்கவும் செய்தார்கள். ஆனால் உலகச் செருப்புச் சந்தை கேட்டது மென்மையான, சாயம் சீராகப் பிடிக்கும், வெப்பம் தாங்கும் குரோம் தோலை. முழுத்தோல்தான் ஏற்றுமதியாக வேண்டும் என்று சொன்னதன் நடைமுறைப் பொருள், குரோமுக்கு மாறு என்பதுதான். அதே ஆண்டுகளில் மேற்கு நாடுகளின் கழிவுநீர்ச் சட்டங்கள் இறுகி, அங்கே டேனரிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. பதனிடும் வேலையின் அழுக்கான முதற்பாதி உலகின் தென்பகுதிக்கு நகர்ந்த காலத்தில், நாம் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டோம்.

அந்த முதற்பாதி என்னவென்று அருகில் போய்ப் பார்ப்பது நல்லது. மூலத்தோல் அழுகாமல் இருக்க அதன் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு உப்பு தடவித்தான் டேனரிக்கு வருகிறது. முதல் ஊறலில் அந்த உப்பின் பெரும்பகுதி தண்ணீரில் கரைந்து வெளியேறும். பிறகு சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் மயிரைக் கரைக்கும். சவ்வு சீவி, சுண்ணாம்பு போக்கி, மறுபடி உப்பும் கந்தக அமிலமும் கலந்த நீரில் தோலைப் புளிக்க வைப்பார்கள். அதன் பிறகே சுழலும் மர டிரம்முக்குள் பச்சைப் பொடியாகக் குரோமியம் சல்பேட் விழும். சில மணி நேரச் சுழற்சியில் உலோகம் தோலின் நார்களுக்கிடையே புகுந்து பிணையும். வெளியே எடுத்தால் தோல் வெளிர்நீலமாக, ஈரமாக இருக்கும். வியாபாரத்தில் அதற்கு வெட் புளூ என்று பேர். பதம் வந்ததா என்று பார்க்க மேஸ்திரி ஓரத்தில் ஒரு துண்டு வெட்டிக் கொதிநீரில் போடுவார்; சுருங்காவிட்டால் தோல் தேறியது. கொதிநீரிலும் சுருங்காத அந்தத் தோலுக்குள் போயிருப்பது டிரம்மில் போட்ட குரோமியத்தில் அறுபது, எழுபது விழுக்காடுதான். மீதி டிரம்மின் அடியில் நீலப்பச்சைத் தண்ணீராக நிற்கும். ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் என்பது உச்ச நீதிமன்றம் பதிவு செய்த கணக்கு. ஆயிரம் கிலோ மூலத்தோலிலிருந்து விற்பனைக்கு வரும் தோல் 200 முதல் 250 கிலோ. மீதியெல்லாம் சவ்வாக, சீவலாக, சேறாக, நீராக டேனரியின் பின்வாசல் வழியே போகிறது. 1973இன் கணக்கு முன்வாசலோடு முடிந்துவிட்டது.

பின்வாசல் தண்ணீர் முதலில் ஓடையிலும் ஏரியிலும் தேங்கியது, பிறகு மணலுக்குள் இறங்கியது. மேற்பரப்பில் ஓடும் ஆறாக இருந்தால் வெள்ளம் ஓரளவு அடித்துக்கொண்டு போயிருக்கும். பாலாறு மணலில் நீரைச் சேமிக்கும் ஆறு. அந்தக் குணத்தால்தான் தொழில் இங்கே வந்தது. அந்தக் குணத்தால்தான் கழிவும் இங்கேயே தங்கியது. ஒரு கிணறு கெட்டால் அடுத்த கிணறு கெட அதிக நாள் ஆகவில்லை. கெட்ட கிணற்று நீரைத்தான் தோப்புக்கு இறைக்க வேண்டும், வேறு நீர் கிடையாது. ஆக, கழிவை நிலத்தில் கொண்டுவந்து பரப்பும் வேலையை உழவரின் பம்ப்செட்டே செய்யும்படி ஆயிற்று. கோடையில் வாய்க்கால் ஓரமும் தென்னம்பாத்தியின் விளிம்பும் வெள்ளை பூத்துக் கிடப்பது உப்பு. சோடியம் ஏறிய களிமண் நனைந்தால் குழைந்து அடைத்துக்கொள்ளும், காய்ந்தால் பாளம் பாளமாக இறுகும். வேர் மூச்சுவிட இடம் இருக்காது. நெல்லும் வாழையும் கரும்பும் இதைத் தாங்கா. தென்னை கடற்கரையில் வளர்ந்து பழகிய மரம், உப்புக்கு ஈடுகொடுக்கும். டேனரிப் பகுதியில் வேறு பயிர் பின்வாங்கிய நிலத்திலும் தென்னை நின்றது அதனால்தான். வெளியூர்க்காரர் பச்சையைப் பார்த்துவிட்டு நிலம் நன்றாகத்தானே இருக்கிறது என்பார். தென்னையைத் தவிர வேறெதையும் வைக்க முடியாத நிலத்தை நல்ல நிலம் என்று சொல்ல முடியாது. அந்தத் தென்னையும் உப்பு ஓர் அளவைத் தாண்டினால் குரும்பை உதிர்க்கும், காய் சிறுக்கும்.

இந்த இடத்தில் மிகக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது, அதை மழுப்பக் கூடாது. தோப்புகளைக் கெடுத்தது உப்புதானே, குரோமியம் இல்லையே? அறிவியல்படி இது பெரும்பாலும் சரி. டேனரியில் பயன்படுவது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம். அது மண்ணில் சேர்ந்ததும் களியோடும் மட்கோடும் இறுகப் பிணைந்து, கரையாத வடிவில் மேல் அடுக்கிலேயே தங்கிவிடும். வேர் கொஞ்சம் உறிஞ்சினாலும் வேரிலேயே நிறுத்திக்கொள்ளும். தண்டு ஏறி இலைக்கும் காய்க்கும் போவது மிகச் சொற்பம். இளநீர் விஷமாகிவிட்டது என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு ஆதாரம் இல்லை. விளைச்சலைக் குறைத்த குற்றத்தில் உப்புதான் முதல் எதிரி என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் இந்த மறுப்பிலிருந்து குரோமியம் ஒரு பொருட்டில்லை என்ற முடிவுக்குத் தாவுவது தவறு. உப்பு கரையும், நல்ல மழையும் வடிகாலும் ஜிப்சமும் கிடைத்தால் சில ஆண்டுகளில் நிலத்தை விட்டுக் கீழே இறங்கும். கரையாத உலோகத்தை எந்த மழையும் கழுவாது. பயிருக்குள் போகாததற்கு எது காரணமோ அதுவே மண்ணை விட்டுப் போகாததற்கும் காரணம். அது என்றென்றைக்கும் அதே வடிவில் அடங்கிக் கிடக்கும் என்ற உறுதியும் இல்லை. மண்ணில் இயல்பாக உள்ள மாங்கனீசு ஆக்சைடு, மூன்று இணைதிறன் குரோமியத்தில் ஒரு பகுதியை நச்சுமிக்க, நீரில் கரையும் ஆறு இணைதிறன் வடிவத்துக்கு மாற்றக்கூடும் என்பது 1979இலேயே ஆய்வில் நிறுவப்பட்ட செய்தி. எல்லா மண்ணிலும் நடக்காது. புதிதாகச் சேர்ந்த, அங்ககப் பொருள் குறைந்த இடத்தில் நடக்க வாய்ப்பு அதிகம். இன்றைய தென்னந்தோப்பு நாளை எந்தப் பயன்பாட்டுக்கு மாறும் என்று யாரும் சொல்ல முடியாத நிலையில், கீழே கிடப்பதை ஆபத்தற்றது என்று முத்திரை குத்துவது அவசரம்.

ஆறு இணைதிறன் குரோமியத்தைப் பார்க்க ஊகம் தேவையில்லை, ராணிப்பேட்டை சிப்காட்டுக்குப் போனால் போதும். டேனரிகளின் பச்சைப் பொடி தானாக வருவதில்லை. குரோமைட் தாதுவைச் சோடா உப்போடு உலையில் வறுத்து, சோடியம் பைகுரோமேட் எடுத்து, அதிலிருந்துதான் குரோமியம் சல்பேட் செய்ய வேண்டும். 1970களின் நடுவில் தொடங்கி 1995இல் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை இந்த வேலையைச் செய்தது. 1973இன் கொள்கைக்கும் அந்த ஆலையின் பிறப்புக்கும் இடையே உள்ள சில ஆண்டு இடைவெளியைக் கவனித்தால் போதும். தேவை எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். வறுத்துக் கரைத்த பின் மிஞ்சிய சக்கையை வளாகத்திலேயே கொட்டினார்கள். இருபது ஆண்டில் அது இரண்டு லட்சம் டன் அளவுக்கு மேடாக வளர்ந்தது. முழுதாகக் கரையாமல் அதில் தங்கிய ஆறு இணைதிறன் குரோமியம் ஒவ்வொரு மழையிலும் மஞ்சள் நீராகக் கசிந்தது. 2006இல் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது செர்னோபிலும் நோரில்ஸ்கும் இருந்த அதே பட்டியலில் ராணிப்பேட்டையும் இடம்பெற்றது. ஆலை மூடியதும் லாபக்கணக்கு முடிந்துவிட்டது. மேடு அரசின் தலையில் விழுந்தது. அதை என்ன செய்வது என்பதில் ஆய்வறிக்கைகள் வந்தன, திட்டங்கள் வந்தன, மேடு பல ஆண்டுகள் இருந்த இடத்திலேயே இருந்தது. டேனரி முதலாளியைத் திட்டுகிறவர்கள் இந்த மேட்டையும் பார்க்க வேண்டும். ஒரு தொழிலின் கழிவைத் தனித்தனி முதலாளியின் யோக்கியதையாக மட்டும் பார்த்தால், அந்தத் தொழிலுக்கு ரசாயனம் வழங்கிய ஆலை கண்ணிலேயே படாது.

நீதிமன்றக் கதை பலருக்கும் தெரிந்ததுதான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதையும், ஆபத்து ஐயமாக இருக்கும்போதே தடுக்க வேண்டும் என்பதையும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதியாக்கியது. இன்று இந்தியாவில் எந்தச் சூழல் வழக்கிலும் அந்தத் தீர்ப்பு மேற்கோளாக வரும். ஐந்து மாவட்டங்களில் 900க்கு மேற்பட்ட டேனரிகள் அதன் பார்வைக்குள் வந்தன. டேனரிப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனது என்ற தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையக் கணக்கு அதில் இருக்கிறது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன என்ற கணக்கும் இருக்கிறது. சட்டக் கோட்பாடாக அது மாபெரும் தீர்ப்பு. நிலத்துக்கு என்ன செய்தது என்று கேட்டால் பதில் அவ்வளவு பெரிதாக இல்லை. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம். இழப்பீட்டைக் கணக்கிட அமைந்த ஆணையம் 2001இல் தந்த முடிவின்படி ஏறத்தாழ 29,000 பேருக்கு மொத்தம் 26 கோடி ரூபாய்க்கு மேல். வகுத்துப் பார்த்தால் தலைக்குச் சராசரி 9,000 ரூபாய் சொச்சம். கணக்கில் எடுத்த காலம் 1991இலிருந்து 1998 முடிய. அந்த ஆண்டுகளில் இழந்த விளைச்சலுக்கு அது ஒரு விலை, சரி. 1998 டிசம்பர் 31க்குப் பிறகும் அதே மண்ணில், அதே இடத்தில் கிடக்கும் உலோகத்துக்கு விலை எதுவும் போடப்படவில்லை.

தீர்ப்பின் உடனடி விளைவு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள். 1996 நவம்பருக்குள் அமைக்காவிட்டால் மூடு என்றதும் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரங்களில் பணிகள் வேகமெடுத்தன. இவற்றைக் கண்துடைப்பு என்று ஒதுக்குவது நேர்மையல்ல. ஓடையில் நேரடியாக ஓடிய கழிவு பெருமளவு குறைந்தது. குரோமியத்தை மக்னீசியம் ஆக்சைடால் வீழ்படிவாக்கி மீட்டு, மறுபடி டிரம்முக்கே அனுப்பும் முறையையும் தோல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பியது. ஆனால் வேதியியலில் மறைதல் என்று ஒன்று இல்லை. வெளியேறும் நீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்றால், மீதி நீரிலிருந்து பிரிந்து சேற்றில் சேர்கிறது. சேற்றை எங்கே வைப்பது? பிரிக்கப்பட்ட உப்பை எங்கே வைப்பது? தொடக்க கால நிலையங்கள் உப்பைத் தொடவே இல்லை. கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்ற வரம்பு ஏட்டில் இருக்க, பல மடங்கு உப்போடு நீர் வெளியேறியது. 2000களின் பிற்பகுதியில் எதிர்ச் சவ்வூடு பரவலும் ஆவியாக்கும் கலன்களும் வந்தன. நீர் திரும்பக் கிடைத்தது, உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் ஏறியது. 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டை சிட்கோ சுத்திகரிப்பு நிலையத்தில் சேற்றுத் தொட்டியின் சுவர் நள்ளிரவில் உடைந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள்; பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆற்றுக்குப் போகாமல் தடுக்கப்பட்ட கழிவு மனிதர் மேல் விழுந்த இந்தச் சம்பவத்தை விபத்து என்ற தலைப்பில் கோப்பில் வைத்துவிடலாம். 1973இல் கேட்காமல் விட்ட கேள்விக்கு நாற்பது ஆண்டு கழித்துச் செத்துப் பதில் சொன்னார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

பாலாறு கெட்டதற்கு டேனரி மட்டுமா காரணம் என்ற கேள்வியும் இருக்கிறது. மேலே கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் அணைகளும் தடுப்பணைகளும், இங்கே மணல் கொள்ளை, ஏரிப் பராமரிப்பு இல்லாமை. இவை எல்லாம் உண்மை. 1892 ஒப்பந்தத்தைக் காட்டி நீர்ப் பங்குக்கு வழக்காடும் நாம், மிஞ்சிய நீரை என்ன செய்தோம் என்று சொல்லத் தயங்குகிறோம் என்பதும் உண்மை. வரத்து குறைந்தால் கழிவின் அடர்த்தி கூடும். மணல் போனால் நீரைப் பிடித்து வைக்கும் மடியே போகும். ஆனால் வறட்சி குரோமியத்தை உண்டாக்காது. வறண்ட ஆறு என்பது கழிவைக் கொட்டக் கூடுதலாகத் தயங்க வேண்டிய காரணமே தவிர, கொட்டியதற்குச் சாக்கு அல்ல. இன்னொரு பக்கம் வேலைவாய்ப்பு. ஆம்பூரின் செருப்பு ஆலைகளில் கூலிக்குப் போகும் பெண்களின் சம்பளத்தில்தான் வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் படிக்கின்றன. தொழிலை மூடு என்பவர்கள் அந்தப் பெண்களிடம் பேசியிருக்க மாட்டார்கள். இந்த வாதத்துக்கு என் பதில் தொழிலுக்கு எதிரானதல்ல. செருப்பு தைப்பதிலும் பை தைப்பதிலும் ஆள்பலம் அதிகம், கழிவு குறைவு. மூலத்தோலை நீலத்தோலாக்கும் கட்டத்தில் கழிவு அதிகம், ஆள் குறைவு. இரண்டையும் ஒரே பள்ளத்தாக்கில், ஒரே மணலாற்றின் மேல் நடத்தியே ஆகவேண்டும் என்று எந்தப் பொருளாதார விதியும் இல்லை. வேறிடத்தில், உப்பையும் சேற்றையும் பாதுகாக்க முழு வசதியோடு பதனிட்ட நீலத்தோலை வாங்கி இங்கே தைக்கலாம். செலவு கூடும். அந்தச் செலவு இத்தனை நாள் இல்லாமல் இருந்ததல்ல, தோப்புக்காரர் கட்டிக்கொண்டிருந்தார்.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி பாலாற்றுக்கு வந்தது. நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, கேடு சரிசெய்யப்படும் வரை மாசுபடுத்தியவரின் பொறுப்பு தொடரும் என்றது. ஒரு காலத்துக்கான பணத்தைக் கட்டிவிட்டால் கடன் தீர்ந்துவிடாது என்பது இதன் பொருள். ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு, தணிக்கை, மீட்பு நடவடிக்கை, நிலுவை இழப்பீடு என்று உத்தரவுகள் நீண்டன. இது 1996ஐவிட ஒரு படி மேலான நிலை. ஆனால் சரிசெய்தல் என்றால் எதுவரை என்பதை அளந்து சொல்ல வேண்டும். இங்கே டேனரித் தரப்பின் கடைசி வாதம் ஒன்று வரும், வரத்தான் செய்யும்: குரோமியம் பாறையிலும் இயற்கையாக உண்டு, தொழில் வருவதற்கு முன் மண்ணில் எவ்வளவு இருந்தது என்று யார் அளந்தார்கள்? 1973க்கு முன் தோப்பு தோப்பாக யாரும் அளக்கவில்லைதான். உலகின் சாதாரண மண்ணில் கிலோவுக்குச் சில பத்து மில்லிகிராம் குரோமியம் இருக்கும்; சிலவகைப் பாறை மேல் உருவான மண்ணில் அதைவிடப் பல மடங்கு. ஆனால் பாறையிலிருந்து வந்த குரோமியம் மண்ணின் மேலிருந்து அடிவரை ஏறத்தாழ ஒரே சீராகவோ, கீழே போகப்போகக் கூடியோ இருக்கும். பாசன நீரோடு வந்தது மேலே ஓரிரு சாண் ஆழத்தில் குவிந்து, கீழே சட்டென்று குறையும். டேனரி வாய்க்காலுக்குப் பக்கத்தில் ஒரு தோப்பு, அதே வகை மண்ணில் கழிவுநீர் எட்டாத மேட்டில் இன்னொரு தோப்பு, இரண்டிலும் மார்பளவு ஆழத்துக்குக் குழி வெட்டி அடுக்கடுக்காக மண் எடுத்துச் சோதித்தால் இயற்கையின் பங்கும் தொழிலின் பங்கும் தனித்தனியாகத் தெரிந்துவிடும். குழு ஆற்றுநீர் மாதிரிகளோடு நின்றுவிடாமல் இந்தக் குழிகளைக் கிராமம் கிராமமாக வெட்டி, எந்த சர்வே எண்ணில் எவ்வளவு என்று வரைபடம் போட வேண்டும். யாரிடம் எவ்வளவு வசூலிப்பது என்ற கேள்வியை அந்த வரைபடம் இல்லாமல் தொடங்கவே முடியாது.